யோகெபேத் இல்லமும் இரண்டு தாய்மாரும்

தான் வளர்த்த குழந்தை யன்னாவை டோல்ஸ்மா வீட்டாரிடம் ஒப்படைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஃபென்னா பௌமா கோயிலுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது ஒரு தொப்பிதான். மஞ்சள் நிறம், ஓரத்தில் வெள்ளைப் பூ வைத்துத் தைத்தது. மேரியன் டோல்ஸ்மாவின் தோளுக்கு மேல் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. கடைத் தொப்பி. ஃபென்னா தன் கையால் பின்னிக் கொடுத்தனுப்பிய நீலக் கம்பளித் தொப்பி எங்கே போனதோ.

"அது அவ காதை அழுத்தும்," என்றாள் கணவனிடம், தணிந்த குரலில்.

"பேசாம உக்காரு," என்று வீபே சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பிரசங்கம் முடியும்வரை நாக்கிலேயே கரைய வேண்டிய மிட்டாய் அது. போதகர் வேதபாகத்தை வாசிக்கும் முன்பே ஃபென்னா அதைக் கடித்து நொறுக்கிவிட்டாள்.

நியூ டோக்கம் சின்ன ஊர். சோளக்காட்டுக்கு நடுவே ஒரு தெரு, ஒரு தானியக் கிடங்கு, எதிரெதிரே இரண்டு கோயில். அயோவாவின் அந்த மூலையில் எல்லோரும் ஹாலந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தான். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும் ஊரில், பிரிந்துபோன பிள்ளையைப் பார்க்காமல் இருக்க வழி ஏது?

இதற்கு முன்னால் ஃபென்னா எத்தனையோ குழந்தைகளை அனுப்பி வைத்திருக்கிறாள். எல்லாம் தூரத்து ஊர்களுக்குப் போயின. மிச்சிகன், டகோட்டா, ஒன்று கலிபோர்னியாவுக்குக்கூட. அனுப்பிய அன்று கோழிக்கூட்டை ஒருமுறை நன்றாகக் கழுவுவாள், அழுகை அதோடு தீர்ந்துவிடும். அடுத்த குழந்தை வந்ததும் கைக்கு வேலை வந்துவிடும். இது அப்படித் தீர்கிற விஷயமாக இல்லை.

யோகெபேத் இல்லம் என்று இன்று பலகை மாட்டி, மூன்று மாடிக் கட்டிடத்தில் நடக்கிற அந்த அமைப்பு ஃபென்னாவின் சமையலறையில்தான் ஆரம்பித்தது. உலகப் போர் முடிந்த மறு வருஷம். அலீடா ரோர்டா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள்; கல்யாணம் செய்துகொள்ளாமல் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒரு மழை நாளில் பீச் பழப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியே வந்தாள். பெட்டிக்குள் துண்டில் சுற்றிய ஆண் குழந்தை. அந்தப் பக்கத்துப் பண்ணைப் பெண் ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டு, முகத்தைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பேருந்து ஏறிவிட்டாள்.

"ரெண்டு நாளைக்கு வெச்சுக்கோ, ஃபென்னா. அதுக்குள்ள நான் யாரையாவது பாத்துடறேன்."

"எனக்கு என்ன தெரியும் குழந்தையைப் பத்தி?"

"கன்னுக்குட்டிக்குப் பாட்டில்ல பால் குடுப்பேல்ல? அதே மாதிரிதான். பாட்டில்தான் சின்னது."

இரண்டு நாள் இரண்டு மாதமானது. அந்தக் குழந்தைக்கு வீடு கிடைப்பதற்குள் இன்னொன்று வந்தது. அலீடா ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். தீவனக் கடை மாடியில் ஒரு அறை எடுத்தாள். மோசேயைப் பெற்று, பாலூட்டி, கடைசியில் பார்வோனின் மகளிடம் கொடுத்த தாயின் பெயரை அதற்கு வைத்தாள். ஊர் ஊராகப் போய்க் கோயில்களில் பேசினாள். அவள் பேசினால் முன்வரிசைக் கிழவர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பீச் பழப் பெட்டிக் கதையை அவள் சொல்லும்போது பெட்டி வரும், மழை வரும், கர்த்தருடைய கை வரும். ஃபென்னா வர மாட்டாள். "ஒரு நல்ல கிறிஸ்தவ வீட்டில் வைத்தேன்" என்பதோடு சரி. அதைக் கேட்கும்போதெல்லாம் ஃபென்னாவுக்குத் தொண்டையில் ஒரு முள் தைக்கும். ஆனாலும் அலீடா பழைய சிநேகிதி. தைத்த முள்ளை விழுங்கப் பழகியிருந்தாள்.

யன்னா வந்தபோது பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இடது கன்னம் முழுக்க, கண்ணோரத்திலிருந்து தாடைவரை, நசுக்கிய ஸ்ட்ராபெரி பூசியதுபோல் சிவப்பு மச்சம். குழந்தை வேண்டும் என்று வந்த தம்பதிகள் தொட்டிலருகே வருவார்கள், குனிவார்கள், பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பார்கள். "அழகான பண்ணை உங்களோடது" என்பார்கள். வரவர யாரும் கேட்பதே நின்றுபோனது. யன்னாவுக்குப் பல் முளைத்தது. நடந்தாள். வீபேயின் பூட்ஸுக்குள் கையை விட்டு விளையாடினாள். ஃபென்னாவை "மெம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஃபென்னா சிறுவயதில் தன் அம்மாவைக் கூப்பிட்ட அதே பழைய நாட்டுச் சொல். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஃபென்னா சாதிப்பாள். வீபே மட்டும் சிரிப்பான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஃபென்னா தீவனக் கடை மாடி ஏறினாள்.

"இவளை நானே வெச்சுக்கறேன், அலீடா."

அலீடா பேனாவைக் கீழே வைத்தாள். "முடியாது."

"யாரு கேட்டு வந்தாங்க இவளை? சொல்லு."

"விதி உனக்குத் தெரியும். தற்காலிகமா வளக்கறவங்க தத்து எடுக்கக் கூடாது. நீ ஒண்ணை வெச்சுக்கிட்டா நாளைக்கு மத்தவளும் கேப்பா, அதுக்கடுத்தவளும் கேப்பா. எல்லார் தொட்டிலும் நிரம்பிப் போச்சுன்னா, அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதை நான் எங்க படுக்க வெப்பேன்? கார் டிக்கியிலயா?"

"விதியை எழுதினது நீதானே. நீதானே மாத்தணும்."

"நான் எழுதினதாலதான் மாத்த முடியாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஃபென்னா, உன்னை மாதிரி எனக்கு இன்னொருத்தி கிடையாது. உன்னை நான் இழக்க முடியாது," என்றாள்.

அது பாராட்டாகத்தான் சொல்லப்பட்டது. படியிறங்கும்போது ஃபென்னாவுக்கு அது வண்டிமாட்டுக்குச் சொன்ன வார்த்தைபோல இருந்தது.

வினை கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வந்தது. ஃபென்னாவே யன்னாவைக் கோயிலுக்குத் தூக்கிப் போயிருந்தாள். பிள்ளைகள் அறையில் காபி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மேரியன் டோல்ஸ்மாவிடம் யன்னா தானாக நடந்து போய், அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேரியன் மரவாடிக்காரர் எவரெட்டின் மனைவி. முப்பது வயதுக்குள் மூன்று முறை கரு கலைந்தவள். அவள் குனிந்து, குழந்தையின் சிவந்த கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். எந்தத் தம்பதியும் செய்யாத காரியம். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஃபென்னா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, குழந்தையின் கோட்டைத் தேடப் போனாள்.

எவரெட் டோல்ஸ்மா யோகெபேத் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பனி உருகுவதற்குள் தத்து ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது.

ஒப்படைக்கிற நாளில் குழந்தையின் துணிமணி, பாட்டில், பொம்மை எல்லாவற்றையும் கூடையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். ஃபென்னாவும் கொடுத்தாள். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. ஓட்ஸ் தானியம் நிரப்பித் தைத்த ஒரு ஃபிளானல் பை. அடுப்பின் சூட்டில் சற்று நேரம் வைத்து, வெதுவெதுப்பானதும் யன்னாவின் பாதத்தடியில் வைத்து, முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே கோயிலில் பாடும் ஒரு சங்கீதத்தை வார்த்தையில்லாமல் முனகினால் கண் செருகிவிடும். வந்த நாளிலிருந்து யன்னா அப்படித்தான் தூங்கியிருக்கிறாள். பையைக் கூடையில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடைசியில் அதை அடுப்புக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, கூடையை மூடினாள்.

ஞாயிறுகள் ஒன்றையொன்று மிஞ்சின. முதல் வாரம் தொப்பி. அடுத்த வாரம் பெயர். "இனிமே கேரல் ஆன்," என்று கோயில் வாசலில் மேரியன் யாரிடமோ சொன்னதைக் கேட்டாள். மூன்றாம் வாரம், பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது, மேரியனின் தோளுக்கு மேலாகக் குழந்தை ஃபென்னாவைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, "மெம்" என்றாள். பாட்டுக்கு நடுவே கோயில் முழுக்கக் கேட்டது. "மெம். மெம்."

மேரியனின் பிடரி சிவந்து ஏறியதை ஃபென்னா பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்குள் ஏறிய இனிப்பை எந்தப் பெப்பர்மின்ட்டும் தந்ததில்லை. மேரியன் குழந்தையை மறுதோளுக்கு மாற்றி, பாட்டு முடிவதற்குள் வெளியே போய்விட்டாள்.

அந்த வாரமே அலீடா பண்ணைக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை.

"கொஞ்ச நாளைக்கு நீ சாயங்கால ஆராதனைக்கு மட்டும் வாயேன்."

"யார் சொன்னது? அந்தம்மாவா?"

"அவளுக்கும் வயிறு எரியும்ல, ஃபென்னா. பெத்தவளும் இல்ல, வளத்தவளும் இல்ல. பிள்ளை ஊர் பாக்க வேற ஒருத்தியை அம்மான்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

"அவளுக்கு எரியுதா? நல்லது," என்றாள் ஃபென்னா. "நான் ஞானஸ்நானம் வாங்கின கோயில் அது. எங்க அப்பா ஆணி அடிச்ச பெஞ்சு. காலையிலயும் வருவேன், சாயங்காலமும் வருவேன்."

போனாள். ஆனால் மேரியன் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. எவரெட் மட்டும் தனியாக வந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே நின்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபென்னா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பின்வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மேரியன். கண்ணுக்குக் கீழே கருவளையம். கோட்டுப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தாள். எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருப்பவள்.

"உள்ள வரலாமா?"

ஃபென்னா நகர்ந்து நின்றாள். நாற்காலியைக் காட்டவில்லை.

"கேரல் தூங்கவே மாட்டேங்கிறா," என்றாள் மேரியன். "பகல்லயும் இல்ல, ராத்திரியும் இல்ல. அழுது அழுது அப்படியே சோந்து விழுவா. மறுபடி எந்திரிச்சு அழுவா. சாப்பாட்டைத் துப்பறா. டாக்டர் ஒண்ணும் இல்லைங்கிறார். உங்ககிட்ட வர எனக்குப் பிடிக்கல. ஆனா வேற யார்கிட்டப் போறதுன்னு தெரியல. இங்க எப்படித் தூங்குவா? ஏதாவது செய்வீங்களா? பாட்டு, கதை, ஏதாவது?"

அடுப்பு ஃபென்னாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆணியும், பையும். அரையடி நகர்ந்தால் தெரிந்துவிடும். அவள் நகரவில்லை.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்றாள். "படுக்கப் போட்டா தூங்கிடுவா."

"ஒண்ணுமே இல்லாமலா?"

"ஒண்ணுமே இல்லாம. சில குழந்தைங்க சில பேர்கிட்ட அப்படி."

மேரியன் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் அறை வாங்கியவள் அப்படித்தான் நிற்பாள். பிறகு "நன்றி" என்றாள். அந்த வார்த்தை ஃபென்னாவுக்குப் பிடிக்கவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டபின்தான் இஸ்திரிப் பெட்டியின் அடியில் வீபேயின் சட்டை கருகிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டா?" என்றான் வீபே மத்தியானச் சாப்பாட்டில்.

"குழந்தை தூங்கலையாம்."

வீபே உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "நீ சொல்லலையா?"

"அவ வீட்டுல அடுப்பு இல்லையா, ஓட்ஸ் இல்லையா? தாயின்னா தானா கண்டுபிடிக்கட்டும்."

வீபே தட்டை ஒதுக்கி வைத்தான். பன்றிகளுக்குத் தீவனம் வைக்க வழக்கத்தைவிடச் சீக்கிரமே எழுந்து போனான்.

வாரங்கள் போயின. ஊரில் பேச்சு அடிபட்டது. மேரியன் இளைத்துவிட்டாளாம். எவரெட் மரவாடியிலேயே படுத்துக்கொள்கிறாராம். குழந்தைக்குப் புத்தியில் ஏதோ குறை என்று எவரெட்டின் அம்மா சொல்கிறாளாம். இதையெல்லாம் கேட்கும்போது ஃபென்னா வருத்தமாகத் தலையசைப்பாள். வீட்டுக்கு வந்ததும் கையில் சுறுசுறுப்பு ஏறும். தொட்டிலைத் துடைத்தாள். போர்வையைத் துவைத்து வெயிலில் போட்டாள். கூடத்து மூலையில் குட்டி நாற்காலியை மறுபடி எடுத்து வைத்தாள். தனக்கே இதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை திரும்பி வந்தால் தயாராக இருக்க வேண்டாமா, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள்.

சோளம் முழங்கால் உயரம் வந்த சமயத்தில் அலீடா வந்தாள். இந்த முறை தானே காபி ஊற்றிக்கொண்டாள்.

"டோல்ஸ்மா வீட்டுல குழந்தையைத் திருப்பிக் குடுக்கறாங்க. எவரெட் நேத்து வந்து சொன்னார். மேரியன் காரை விட்டே இறங்கல."

ஃபென்னா முகத்தை ஒருவழியாக அடக்கிக்கொண்டாள். "சரி. எப்பக் கொண்டு வர்றே?"

"எங்க?"

"இங்கதான். வேற எங்க?"

அலீடா கோப்பையை வட்டமாகச் சுற்றினாள். "இங்க இல்ல. உன்னைப் பாத்துத்தான் அவ அங்க ஒட்டாமப் போனான்னு குழு நெனைக்குது. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். நெப்ராஸ்காவுல ஒரு விடுதி இருக்கு. மனசுல கோளாறு இருக்கற பிள்ளைங்களுக்கானது. நல்ல டாக்டருங்க இருக்காங்க. வியாழக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்."

"மனசுல கோளாறா? யாருக்கு? யன்னாவுக்கா?"

"தூங்கவும் மாட்டா, திங்கவும் மாட்டான்னா வேற என்ன பேரு வெக்கிறது?"

ஃபென்னா எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். "அவளுக்கு ஒரு கோளாறும் இல்ல. என்கிட்டக் குடு. நாளைக்கே தூங்குவா. எழுதித் தர்றேன்."

"தெரியும், தூங்குவா. அதுதான் பிரச்சினை," என்றாள் அலீடா. அவளும் அழுதுகொண்டிருந்தாள்; ஃபென்னாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. "உன்கிட்ட மட்டும் தூங்கற குழந்தையை நான் யாருக்குக் குடுக்கறது?"

அலீடாவின் கார் கண்ணுக்கு மறைவதற்குள் ஃபென்னா பையை ஆணியிலிருந்து கழற்றி, அடுப்பில் காட்டி, பால் வடிகட்டும் துணியில் சுற்றிக்கொண்டாள். பன்றி ஏற்றும் டிரக் ஒன்றுதான் முற்றத்தில் நின்றது. அதிலேயே ஏறினாள். ஏப்ரனைக் கழற்ற மறந்துபோயிருந்தது.

டோல்ஸ்மா வீடு கோயிலுக்குப் பின்தெருவில், வெள்ளைச் சாயம் பூசிய மாடி வீடு. குழந்தையின் அழுகை வாசலிலேயே கேட்டது. மேரியன் கதவைத் திறந்து, டிரக்கையும் ஏப்ரனையும் பார்த்தாள்.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"இதைப் பிடிங்க," என்றாள் ஃபென்னா. "சூடு ஆறிடும். எங்க படுத்திருக்கா?"

மாடிப்படியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: பை, பாதம், முதுகு, முனகல். அறைக் கதவருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. கதவிடுக்கில் தொட்டில் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையின் முகம் மச்சம் எது, அழுத சிவப்பு எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். தூக்கினால் அந்த நொடியே அழுகை நின்றுவிடும். நிற்கும் என்று அவளுக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற மேரியனுக்கும் தெரியும்.

"நீங்க வாங்க," என்றாள் மேரியன். குரலே இல்லை. "நீங்களே தூங்க வெச்சுடுங்க. எனக்கு முடியல."

"நான் வெச்சா வியாழக்கிழமை அவ நெப்ராஸ்கா போயிடுவா. நீங்க போங்க. நான் வெளியில நிக்கிறேன். என் முகத்தை அவ பாக்கக் கூடாது."

"எனக்கு உங்க பாட்டெல்லாம் தெரியாது."

"வார்த்தை வேண்டாம். மூக்காலயே முனகுங்க. தாழ்வா. இன்னும் தாழ்வா. பசுமாடு கூப்பிடற மாதிரி."

மேரியன் உள்ளே போனாள். ஃபென்னா கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். உள்ளே அழுகை கூடியது. முனகல் தப்பான சுதியில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஃபென்னாவின் கை தானாகத் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒருதரம் குழந்தை "மெம்" என்றாள். ஃபென்னா ஏப்ரன் முனையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகை விக்கலானது. விக்கல் இடைவெளி விட்டு வந்தது. பிறகு முனகல் மட்டும். மேரியன் நிறுத்தப் பயந்து முனகிக்கொண்டே இருந்தாள்.

நெடுநேரம் கழித்து அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இருவரும் சமையலறைக்கு இறங்கினார்கள்.

"அன்னைக்கு நான் வந்தப்ப இந்தப் பை எங்க இருந்துச்சு?"

"அடுப்புக்குப் பின்னாடி. நான் மறைச்சுக்கிட்டு நின்னேன்."

மேரியன் தலையசைத்தாள். மேசைமேல் இருந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்தாள். "ரெண்டு மாசம்," என்றாள். "எனக்குத் தாயாகற தகுதியே இல்லைன்னு கடவுள் சொல்றார்னு ரெண்டு மாசமா நெனைச்சுக்கிட்டிருந்தேன்."

ஃபென்னா ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டாள்.

"போயிடுங்க. அவ எந்திரிக்கறதுக்குள்ள."

ஃபென்னா போனாள். வியாழக்கிழமை அலீடாவின் கார் நெப்ராஸ்காவுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டோல்ஸ்மா வீட்டார் மூவரும் கோயிலுக்கு வந்தார்கள். இப்போது மேரியன் குழந்தையைத் தோளில் போடாமல் மடியில், முன்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க மேரியன் ஃபென்னாவோடு பேசவில்லை. "மெம்" என்ற சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலில் கேட்காமல் போனது. எந்த ஞாயிறோடு நின்றது என்று ஃபென்னாவுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அலீடா கேட்டபோது, இனிமேல் குழந்தைகளை வைத்துக்கொள்வதாக இல்லை என்று சொல்லிவிட்டாள். தொட்டில் பரணுக்குப் போனது.

அடுத்த வசந்தத்தில் யோகெபேத் இல்லத்தின் வருஷாந்திரக் கூட்டம் கோயிலின் கீழ்த்தளத்தில் நடந்தது. ஹாம் சாண்ட்விச், ஊறுகாய், பாதாம் வைத்துச் சுட்ட பலகாரம் எல்லாம் முடிந்து, அலீடா அந்த வருஷக் கதையைச் சொல்லி, மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டபின், வேறு யாராவது பேச வேண்டுமா என்று தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். மேரியன் டோல்ஸ்மா எழுந்து நின்றாள். பக்கத்தில் எவரெட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த விதியை எடுத்துடணும்," என்றாள். "வளக்கறவங்க தத்து எடுக்கக் கூடாதுங்கிற விதி."

அலீடாவின் முகம் சிறுத்தது. "மேரியன், இதை நாம குழுவுல—"

"இங்கயே பேசிடலாம். ஃபென்னா பௌமா வீட்டுத் தொட்டில் ஒரு வருஷமா காலியா இருக்கு. விதி இருந்தும் உங்களுக்கு ஒரு தொட்டில் போயிடுச்சு. அப்ப அந்த விதியால என்ன லாபம்?"

பின்வரிசையில் காபிக் கெட்டிலோடு நின்ற ஃபென்னாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அலீடா நீண்டநேரம் வாதாடினாள். தான் பெற்ற பிள்ளையைப் பிறர் திருத்த வருகிறார்கள் என்பதுபோல ஒவ்வொரு வார்த்தைக்கும் மல்லுக்கு நின்றாள். கடைசியில் கை தூக்கச் சொன்னபோது தூக்காதவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கூட்டம் கலைந்ததும் கோப்பை கழுவுகிற இடத்துக்கு மேரியன் வந்தாள். ஃபென்னா நீரில் கையை வைத்தபடியே, "இதை நீங்க செய்யணும்னு இல்ல," என்றாள். "நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு."

"உங்களுக்காகச் செய்யல," என்றாள் மேரியன். தட்டுத் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் முதுகுல உங்க கண்ணு குத்திக்கிட்டே இருக்கு. கேரல் தும்மினா நீங்க கைக்குட்டை எடுக்கறீங்க. உங்க கையில உங்களுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான் என் பொண்ணை விடுவீங்க. அதுக்குத்தான்."

ஃபென்னா கழுவிய கோப்பையை நீட்டினாள். மேரியன் வாங்கித் துடைத்தாள். கெட்டில் முதற்கொண்டு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே கழுவித் துடைத்து முடித்தார்கள்.

இப்போதும் இல்லத்தின் ஆண்டு விழாக்களில் அந்த விதி மாறிய கதையைச் சொல்வார்கள். நிர்வாகக் குழு நீண்ட ஜெபத்துக்குப் பின் கர்த்தருடைய வழிநடத்துதலைக் கண்டதாக அதில் வரும். அலீடா கடைசிவரை அப்படித்தான் பேசினாள். நாளடைவில் அதை நம்பவும் செய்தாள். கேட்டுக்கொண்டிருக்கும் ஃபென்னாவும் மேரியனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபென்னாவுக்கு நாற்பத்துமூன்று வயதில் டௌவே வந்தான். தத்துக் காகிதத்தில் வீபே கையெழுத்துப் போட்டபோது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறு காகிதம் கொண்டுவரப் போனார்கள். அதுவரை ஃபென்னா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள், யாராவது மனசு மாறிவிடுவார்களோ என்று.

குழந்தை பார்க்க ஊரே வந்தது. மேரியன் கடைசியாக வந்தாள், வாத்துப் பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு. கேரல் முற்றத்தில் வீபேயோடு கோழிக்குஞ்சு பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை "மிஸ்டர் பௌமா" என்று கூப்பிடுகிற சத்தம் ஜன்னல் வழியே கேட்டது.

"கொஞ்சம் தூக்கட்டுமா?" என்றாள் மேரியன்.

ஃபென்னா தயங்கினாள். கொடுத்தாள். கொடுத்தபிறகும் தன் இரண்டு கையையும் கீழே போடாமல், குழந்தைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் ஏந்தியபடியே நின்றாள்.

டௌவே அண்ணாந்து மேரியனைப் பார்த்தான். வாயைக் கோணினான். பிறகு முகம் முழுக்க மலர்ந்தான்.

"சிரிக்கிறான் பாருங்க," என்றாள் மேரியன். அவள் குரலில் வெற்றி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "என்னைப் பாத்து சிரிக்கிறான்."

"அது சிரிப்பு இல்ல," என்று ஃபென்னா பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "வாயு."